மூச்சு வாங்கும் இடம்

பாட வருகிறவரின் சட்டைத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்த பிறகுதான் அவள் பியானோவின் மூடியைத் திறக்கிறாள். இன்று பாட வந்திருப்பவர் வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்பதை நெருங்குகிறார். வேலை முடிந்த கையோடு கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்து நிற்கிறார். தோள்பட்டைக்கு அருகே ஒரு கிள்ளு விழுகிறது.

"இது என்ன, போர்வையா? கழட்டுங்க. கோட்டு போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போகலாம், பாட வரக் கூடாது."

"குளிருதே டீச்சர்."

"பாடுனா சூடாயிடும்."

கோட்டு கதவுக் கொக்கிக்குப் போகிறது. பியானோ சுவரை ஒட்டாமல் சற்றுச் சாய்வாகப் போடப்பட்டிருக்கிறது. அதன் முன் உட்கார்ந்தால் பாடுகிறவரின் முகம் தெரியாது, முதுகு மட்டும் தெரியும். முகம் அவளுக்குத் தேவையில்லை. பாடுகிறவன் எப்போது மூச்சை இழுக்கப்போகிறான் என்பதை அவன் வாய்க்கு முன்னால் முதுகு சொல்லிவிடும். தோள் எலும்புகள் இரண்டுக்கும் நடுவே துணி ஒரு நூல் அளவுக்கு இழுபடும். அதைப் பார்த்துத்தான் அவள் விரல்கள் கட்டைகளில் இறங்கும். கனத்த துணி என்றால் ஒன்றும் தெரியாது. இசைப்பள்ளியில் அவளுக்கு 'முதுகு டீச்சர்' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். ஆட்சேபம் இல்லை.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய கைகள். பிறரோடு வாசித்து வாசித்து வந்த பழக்கம் பியானோவோடு நின்றுவிடவில்லை. பேருந்தில் எல்லோரும் ஏறிய பின்தான் ஏறுவாள். தெருவில் யாரோடு நடந்தாலும் அரையடி பின்னால் நடப்பாள். தொலைபேசியில் எதிராளி பேசி முடித்த பிறகும் ஒரு கணம் காத்திருப்பாள். இணைப்பு போய்விட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். அவள் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர். "இவளோட சண்டை போடவே முடியலைங்க," என்று வருகிறவர்களிடம் முறையிடுவார். "நான் கத்திட்டு மூச்சு வாங்குறேன். சரியா அந்த இடத்துல இவளும் மூச்சு வாங்குறா. அப்புறம் எப்படித் தொடர்றது?"

ஏழு வயதில் அவளைப் பியானோ முன் உட்காரவைத்தது அம்மா. அவளுக்கு இசை வரும் என்று நினைத்து அல்ல. பதினொரு வயது அண்ணனுக்குக் குரல் இருந்தது. கூட வாசிக்க வீட்டிலேயே ஒரு ஆள் வேண்டியிருந்தது. முன்னறையில் அண்ணன் ஜன்னலைப் பார்த்து நின்று பாடுவான். அவள் அவன் பின்னால் வாசிப்பாள். அம்மா கதவருகே நாற்காலி போட்டுக் காய் நறுக்கிக்கொண்டு கேட்பாள். அண்ணன் எங்கேயாவது தடுமாறினால் அம்மாவின் கத்தி நிற்கும். பார்வை அண்ணன் மேல் போகாது, இவள் மேல் வரும். "நீ ஏன்டி அவனை விட்டுட்டுப் போனே?" அம்மா கொடுமைக்காரி அல்ல. பிள்ளையின் குரலைக் கண்ணாடிப் பாத்திரமாகவும் பெண்ணின் கையை அதை ஏந்தும் தட்டாகவும் பார்த்தாள். தட்டு ஆடினால்தானே பாத்திரம் விழும்?

அம்மா மிரட்டி வைத்ததை மாஸ்டர் வித்தையாக்கினார். மாஸ்டர், இருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பாராட்டு என்பதை மருந்து போல் அளந்து கொடுக்கிற மனிதர். ஒருநாள் இசைத்தாளை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, அண்ணனின் முதுகைக் காட்டினார். "அதைப் பார்த்து வாசி. தாள் எங்கேயும் ஓடிடாது. அவன் மூச்சு ஓடிடும்." ஆறு மாதம் அப்படியே போயிற்று. ஆறு மாத முடிவில் அம்மாவிடம் ஒரே ஒரு வரி சொன்னார்: "பையனுக்குக் குரல் இருக்கு, பொண்ணுக்குக் காது இருக்கு." அம்மா சாகும் வரை அதன் முதல் பாதியைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணனும் தங்கையும் முப்பத்தொரு ஆண்டுகள் மேடை ஏறினார்கள். அண்ணன் ஒருநாளும் கோட்டு போட்டதில்லை. பத்திரிகையில் ஒருவர் அதை எளிமை என்று எழுதினார், இன்னொருவர் திமிர் என்று எழுதினார். இரண்டும் இல்லை. தங்கை போடவிடவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல் போய், உப்புத்தாளைத் தேய்ப்பது போன்ற ஒரு கரகரப்பு மட்டும் மிஞ்சியது. பாடிய காலத்தில் குரலைக் காப்பாற்றுவதற்காக வாயைத் திறக்காத மனிதர் இப்போது ஓயாமல் பேசுகிறார். இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று கேட்கிறார். இவள் பள்ளியில் மற்றவர்களின் முதுகுகளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பள்ளித் தலைவி அவளைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷ நிகழ்ச்சி நீங்க பண்றீங்க. நாற்பது நிமிஷம்."

"யார் பாடுறாங்க?"

"யாரும் பாடல. நீங்க மட்டும்தான்."

"நான் மட்டும்னா, கூட யாரு?"

தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "டீச்சர், மட்டும்னா மட்டும்தான்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். ஆனால் அண்ணனைக் கழித்துவிட்டால் தன்னிடம் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இருப்பதாகவும் தோன்றவில்லை. ஒன்றுமே இல்லை என்று தெரியவந்தால் அதை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. சரி என்றாள்.

பியானோவுக்கென்றே எழுதப்பட்ட மூன்று இசைப் படைப்புகளைத் தேர்ந்துகொண்டாள். மூன்றையும் அண்ணன் பாடியதில்லை, பாடவும் முடியாது. நான்கு வாரப் பயிற்சிக்குப் பிறகு அவரைக் காலி அரங்கில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினாள். முடிந்ததும் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"நடுநடுவுல யாருக்காக நிக்கிறே?"

"எங்க நின்னேன்?"

"ஒவ்வொரு வரி முடியும்போதும். ஒரு அரை நொடி. நான் மூச்சு வாங்குவேனே, அந்த அளவு."

"சும்மா சொல்லாத. இதுல நீ எங்க வந்தே?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டாள். அவர் சொன்னது சரி. யாரும் பாடாத இசைக்குள் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இடது பக்கம், இரண்டடி முன்னால், மெல்லிய சட்டை போட்டுக்கொண்டு. இரண்டாவதில் மெட்டு மேலே ஏறி நிற்கும் இடத்தில், அண்ணனுக்கு மேல் ஸ்தாயி எப்போதும் கொஞ்சம் சிரமம் என்பதால் கொடுத்துவந்த கூடுதல் அவகாசம்கூட அப்படியே இருந்தது.

மறுநாளிலிருந்து டக் டக்கென்று தாளம் தட்டும் பெட்டியைப் பியானோ மேல் வைத்துக்கொண்டு அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். பத்து நாள் வேலை. கடைசியில் ஒரு பதிவை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இது யார் வாசிச்சது?"

"நான்தான்."

"நல்லா இஸ்திரி போட்டிருக்கு. ஒரு சுருக்கம் இல்ல."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அபூர்வமாக வருவது, வந்தால் யாருக்காகவும் காத்திராது. "இருந்தாலும் குத்தம், எடுத்தாலும் குத்தம். என்னதான் பண்ணணுங்கிறே?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்னைக்குப் பியானோ வாசிச்சேன்?" அண்ணன் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். "நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு வாசிச்சுப் பாரேன்."

"நீ செத்தாலும் அங்கதான் நின்னு மூச்சு வாங்குவே."

இருவரும் சிரித்தார்கள். அண்ணனின் சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அவர் சிரிக்காமல் கேட்டார்: "உன்னால தனியா முடியலைன்னா, முப்பது வருஷமா நான் பாடினேனா, இல்ல உன்னைத் தின்னேனா?"

வளர்த்தவர்கள் கையில் கொடுத்தது எது, கையாகவே ஆகிவிட்டது எது என்று பிரித்துப் பார்க்க நினைப்பவர்கள், பெரும்பாலும் பிரிக்கும் வேலையிலேயே நின்றுவிடுகிறார்கள். அவளும் மீதி நாட்களில் இடைவெளிகளைச் சில நாள் வைத்தாள், சில நாள் எடுத்தாள். முடிவு எதுவும் வந்ததாகச் சொல்ல முடியாது.

நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்கு. இருநூறு நாற்காலிகளில் எழுபது பேர். "வா, ஆனா என் கண்ணுல படாத," என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள். அவர் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முதல் படைப்பு வேகமானது. நிற்க இடமே இல்லாததால் பிழைத்தது. கைதட்டல் மரியாதையாக இருந்தது. வங்கிக்காரர் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தட்டினார்.

இரண்டாவது மெதுவானது. முதல் வரி முடிந்தது. அரை நொடி நின்றாள், பழைய மூச்சு எங்கிருந்தோ வந்தது, விரல்கள் இறங்கின. யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது வரியும் அப்படியே. மூன்றாவது வரி மெட்டு மேலே ஏறும் இடம். ஏறி நின்றதும் அவள் கண் தானாக இடது பக்கம் போனது. பாடுகிறவர்கள் நிற்பதற்காகத் தரைப் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட குறி மட்டும் அங்கே இருந்தது. மூச்சு வரவில்லை.

கூட வாசிப்பவரின் கை, காத்திருக்கும்போது கட்டைகளுக்கு ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில் நிற்கும். குரல் எந்த நொடியில் விழுந்தாலும் சேர்ந்து விழத் தயாராக, விரல்கள் வளைந்து, மணிக்கட்டு இறுகி. நாற்பத்தாறு வருடங்களாக அவள் கைகள் அப்படித்தான் காத்திருந்தன. இப்போதும் அப்படியே நின்றன. கடைசி ஒலி தேய்ந்து அடங்கியது. எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று முன்வரிசையில் தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் கைகள் இரண்டையும் அந்தரத்திலிருந்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு, தனக்காக ஒரு மூச்சு வாங்கினாள்.