பெரிய சிலுவையடியில் ஐந்து மெழுகுவத்தி

நேற்று மகள் போனில் சொல்லி வரவழைத்த பரோட்டா ஒரு வெள்ளித்தாளில் சுற்றி வந்தது. பிரித்தால் சடசடவென்று சத்தம். நீங்களாயிருந்தால் கசக்கிப் போட்டிருப்பீர்கள். நான் அதை நீவி நீவி மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், பரோட்டா ஆறிப்போனது. எங்கள் பழைய களிப்பானை மூடி ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மூடி ஆகாயத்திலிருந்து விழுந்தது.

அப்போது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். எனக்கு ஆறேழு வயதிருக்கும். எங்கள் பக்கத்து ரிச்சர்ட்ஸ் டவுனைத் தாண்டி ஒரு ராகி வயலில், குண்டு போடுகிற பெரிய விமானம் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த ஐந்து வெள்ளைக்காரப் பையன்களும் போய்விட்டார்கள். மிலிட்டரிக்காரர்கள் அவர்களை எங்கே புதைத்தார்கள் என்று எங்களுக்கெல்லாம் யார் சொல்வார்கள்? உடைந்த தகரத்தை லாரியில் ஏற்றுகிற வேலைக்கு மிக்கேல் சித்தப்பா போனார். வரும்போது வேட்டிக்குள் பளபளவென்று ஒரு அலுமினியத் தகடு. அதைத் தட்டித் தட்டி வட்டமாக்கி அம்மாவிடம் கொடுத்தார். பானைக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி போயிற்று. "அவங்க சாமான மூடி நாம களி கிண்டித் திங்கறோம். சாகறப்போ சாமியார் வந்து எண்ணெ பூசற அவஸ்தைப்பூசுதல்கூட இல்லாம செத்த புள்ளைங்க. நாம வேண்டிக்கலன்னா யாரு வேண்டிக்குவா?" என்பாள். மூடியைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நல்ல மூடி.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா விடவில்லை. "அவனுங்க நம்ம சபையோ, வேற சபையோ? உனக்கெப்படிடி தெரியும்?"

"அம்மாம் உசரத்துலேர்ந்து விழறப்போ எல்லாரும் 'ஏசுவே'ன்னுதான்க்கா கத்தியிருப்பாங்க. அதுல என்னா சபை?"

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் தனிக் கல்லறை இல்லாதவர்களுக்கு, நடுவிலிருக்கிற பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். அம்மா ஐந்து ஏற்றினாள். தீர்த்தச் செம்போடு வந்த சாமியார், "யார் யாருக்கும்மா?" என்றார். பேர் சொன்னால்தான் ஜெபம். அம்மா இதை யோசிக்கவே இல்லை.

"அந்தோணி, சூசை, ராயப்பன், சின்னப்பன்..." ஐந்தாவதில் நின்றுவிட்டாள். சாமியார் காத்திருந்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது. "மிக்கேலு!"

"அண்ணி! நான் இங்கதான நிக்கறேன்!" என்று அலறினார் சித்தப்பா.

"கம்முனு இரு தம்பி. தகடு எடுத்தாந்தது யாரு? அவங்களோட நீயும் நில்லு."

சாமியார் மெழுகுவத்திகளோடு சித்தப்பா தலையிலும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

பிறகு வருஷா வருஷம் அதே ஐந்து பேர்தான். பேரை மாற்றினால் பையன்கள் குழம்பிப்போவார்களாம். சித்தப்பாவுக்கும் பழகிவிட்டது. தன் மெழுகுவத்தி காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நிற்பார். "மோட்சத்துக்கு முன்னாடி செத்தவங்க காத்துக் கெடக்கற உத்தரிக்கிற ஸ்தலத்துல எனக்கு மட்டும் அப்பவே சீட்டு போட்டாச்சு" என்று பெருமை வேறு. எண்பதைத் தாண்டித்தான் போனார்.

அம்மாவுக்குப் பிறகு நான் ஏற்றுகிறேன். எனக்கு நாலு பேர் எதிரில் வாய் வராது. சாமியார் கேட்டால், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன். இப்போது வருகிற சாமியார்கள் கேட்பதில்லை. மைக்கில் மொத்தமாக ஜெபம் சொல்லிவிட்டு, நடந்துகொண்டே தெளிக்கிறார்கள். குறை சொல்லவில்லை, அத்தனை கூட்டம். பெற்றவர்கள் அந்தப் பையன்களுக்கு என்ன பேர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. அம்மா வைத்ததையாவது சொல்லிவிடலாம் என்று போன தடவை துணிந்து ஓரடி முன்னால் போனேன். தீர்த்தம் என் புடவையில் பட்டது. "அந்தோணி" என்று வாயெடுப்பதற்குள் சாமியார் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.