ஒரு பவுண் சங்கிலியும் மூன்று அதிகாரிகளும்

எனக்கு வாய் நீளம் என்று என் மனுசன் சொல்லுவார். அவர் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் நாங்கள் பிரெஞ்சு பேசும் மாகாணம் ஒன்றில், லாசாலில் இருந்தபோது, மகளின் கல்லூரி மண்டபத்தில் அந்த வாயால் நான் பார்த்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. கல்லூரிக் கால்பந்து அணியில் முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்சியாளர் அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தார். வருகிற பருவத்திலும் இதே மாதிரி விளையாடினால் படிப்புச் செலவு முழுவதையும் அவர்களே பார்ப்பார்களாம். நான் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மனுசன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்தக் கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன்.

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் பிடிபடாது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் ஓர் அக்கா பிடித்துக்கொள்வார்.

"பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்தடி என்னத்துக்கு? வெயிலுக்க நிண்டு கறுத்துப்போனாள். நாளைக்கு ஆர் கட்டுவினம்?"

"உங்கட மகன் நல்ல வெள்ளைதானே அக்கா, அவனை இன்னும் ஒருத்தியும் கட்டேல்லையே?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. நல்ல நிம்மதி.

அந்தக் கோடையில் எங்கள் ஆட்கள் பூங்காவில் ஒரு சுற்றுப்போட்டி வைத்தார்கள். முதல்முறையாகப் பெண்களையும் சேர்த்திருந்தார்கள். எனக்கு அன்று வேலை. மகள்தான் சிறந்த ஆட்டக்காரி என்று நாலைந்து பேர் தொலைபேசியில் சொன்னார்கள். நகைக்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் பரிசாக ஒரு பவுணில் சங்கிலி கொடுத்திருந்தார். அவருடைய மனைவி மேடையில் வைத்து அதை அவள் கழுத்தில் போட்டுவிட்டாராம். எங்களுக்கு அதுதானே வழக்கம். ஒரு பிள்ளையை மெச்சினால் வெறும் கையோடு விடமாட்டோம். அடுத்த ஞாயிறு அந்த அக்காவே வந்து சங்கிலியைத் தூக்கிப் பார்த்து, "பாரமாத்தான் கிடக்கு" என்றார். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கழுத்தைவிட்டுக் கழற்றக்கூடாது என்று மகளுக்குக் கட்டளை போட்டேன். விளையாடும்போது மட்டும் கழற்றி வைப்பாள்.

கல்லூரி தொடங்கிய பிறகு, மாகாண அரசாங்கத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். விளையாடும் மாணவருக்குக் கல்லூரிகள் எவ்வளவு காசு கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டுமா, அதற்கு அரசு ஒரு சட்டம் போடலாமா என்று பெற்றோரிடமும் கருத்துக் கேட்டார்கள். மகளோடு நானும் போய் உட்கார்ந்தேன்.

சின்னக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர், கட்டுப்பாடு இல்லாவிட்டால் காசுள்ள கல்லூரிகள் நல்ல பிள்ளைகளை எல்லாம் வாங்கிவிடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை ஆறுதலாக யோசிக்க எனக்குச் சில வருடம் எடுத்தது. அன்றைக்கு அந்த 'வாங்கிவிடும்' என்ற சொல்தான் காதில் ஏறியது. இவர்கள் என்ன, ஆடு மாடா? அதற்குள் அதிகாரி ஒருவர், விளையாட்டை ஆசைக்காக விளையாடவேண்டும், காசு வந்தால் கெட்டுப்போகும் என்றார். அவர் மட்டும் ஆசைக்கா அங்கே வந்து குந்தியிருந்தார்? எழும்பிவிட்டேன்.

என் பிரெஞ்சு கடைக்குப் போய்வரும் பிரெஞ்சு. கோபம் வந்தால் அது கொஞ்சம் நன்றாக ஓடும். பழக்குகிறவருக்குச் சம்பளம், புல்லு வெட்டுகிறவருக்குச் சம்பளம், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவருக்கும் சம்பளம், ஓடுகிற பிள்ளைக்கு மட்டும் ஒன்றுமில்லையா என்று கேட்டேன். மண்டபம் கைதட்டியது. அதோடு இருந்திருக்கலாம். கைதட்டல் தலைக்கேறிவிட்டது.

"நாங்கள் அகதியாய் வந்த சனம். எங்களுக்கே தெரியுது விளையாடுற பிள்ளைக்கு என்ன குடுக்கவேணும் எண்டு. இஞ்ச பாருங்கோ!" என்று மகளின் சட்டைக் கழுத்துக்குள் விரலை விட்டுச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினேன்.

மகள் என் கையைப் பிடித்தாள். முன்வரிசையில் இருந்த கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் விசயத்தைச் சொன்னாள். விளையாடியதற்காகக் காசோ பெறுமதியான பொருளோ வாங்குவதில்லை என்று அணிப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கையெழுத்து வைப்பார்களாம். அமெரிக்காவிலும் அதே விதிதானாம்.

"பின்னை ஏனடி போட்டுக்கொண்டு திரிஞ்சனீ?"

"நான் அதை நகை எண்டுதான் நினைச்சன் அம்மா. சம்பளம் எண்டு நினைக்கேல்லை."

நானும் அப்படி நினைத்திருக்கவில்லை. அங்கே எழும்பிநின்று அதைச் சம்பளமாக்கியது நான்தான்.

மூன்றாம் நாள் பொறுப்பாளர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நல்ல மனுசி. மகள் கையெழுத்து வைத்த கடதாசியை முன்னால் வைத்துவிட்டு, "இது ஒருவேளை பிறந்தநாளுக்குக் கிடைத்ததா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துவிடுகிறார் என்று எனக்கு விளங்கியது. ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லை, விளையாடினதுக்குத் தந்தது" என்றாள் மகள்.

வெளியே வந்து அவளைத் தின்னாத குறையாக ஏசினேன். "உனக்கு விசரே? ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லுத்தானே!"

"அத்தினை சனத்துக்கு முன்னால நான் நல்லா விளையாடினன் எண்டு தந்தது, அம்மா. பிறந்தநாளுக்குத் தந்தது எண்டா, நான் விளையாடினது எங்க போகும்?"

அந்தப் பருவம் முழுவதும் அவளுக்குத் தடை விதித்தார்கள். அமெரிக்காவிலிருந்து இரண்டு வரியில், படிப்பு நன்றாக அமைய வாழ்த்துவதாக ஒரு கடிதம் வந்தது. அந்த மூன்று அதிகாரிகள் என்ன எழுதிக்கொண்டு போனார்கள், சட்டம் வந்ததா இல்லையா என்று நான் விசாரிக்கவேயில்லை.

முதல் ஆட்டம் சனிக்கிழமை. மகள் அணிச்சட்டை இல்லாமல், சாதாரணக் குளிர்ச்சட்டையோடு பார்க்கப் புறப்பட்டாள். நான் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு அவளோடு போனேன். பத்து வருடமாக விளையாடுகிற பிள்ளை அவள். சனி, ஞாயிறு வேலைக்குக் கூடுதல் சம்பளம் என்று, நான் ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. மைதானத்து ஓரப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். யார் எந்தப் பக்கம் அடிக்கவேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"நீ எவடத்தில நிக்கிறனீ?" என்று கேட்டேன்.

"அந்தா, அந்தப் பிள்ளை நிக்கிற இடத்தில."

ஆட்டம் முடியும்வரை நான் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.