காலியாக விட்ட வரி

சுப்பையா மாஸ்டர் போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் ஹமீது நானா. கண்டி மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, நம்ம மாஸ்டர் நேத்து பின்னேரம் போயிட்டார். இனியாவது அந்தக் கோவத்த விடுங்க" என்றார். பொறுக்கிய வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கோபத்தை விட்டேனா என்று அப்போது எனக்கே தெரியாது.

மாஸ்டரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? பகலில் புடவைக்கடையில் துணி அளப்பார். மாலையில் தையல்கடை மாடியில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிடுவார். தபேலா ஹமீது நானா. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நான் பாடப் போவேன். நனைந்துகொண்டு பிந்திப் போனால், "பஸ் பிந்திடுச்சின்னு சொல்லாத. பாட்டு பஸ்ல வரல்ல" என்பார். ஒரு திருவிழாவில் நான் பாட வேண்டிய பாட்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார். அவள் கட்டியிருந்த சேலையின் கரை ஊதா. அதைக்கூட நான் மறக்கவில்லை.

அந்த வருஷங்களில் கேசட் போடுகிற எல்லோருக்கும் ஒரு தீவுப் பாட்டு வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் அலை, தென்னை, முத்து, நிலா. எங்கள் மலையில் நிலாவைத் தவிர மற்றது ஒன்றும் இல்லை. மாஸ்டரும் ஒன்று எழுதினார். "கடலப் பார்த்திரிக்கீங்களா மாஸ்டர்?" என்று ஹமீது நானா சீண்டினார். "பார்க்காதவனுக்குத்தான்யா தீவு நல்லா வரும். பார்த்தவன் மீன் விலையப் பேசுவான்" என்றார். மாடியே அதிரச் சிரித்தோம். அந்தப் பாட்டில்தான் என் குரல் முதன்முதலாகக் கேசட்டில் வர இருந்தது.

'நாலு பக்கமும் கடலம்மா' என்று குழு பாடும். 'நடுவில் எங்கள் தீவம்மா' என்று நான் தனியாகப் பாட வேண்டும். ஒத்திகைக்கு நாலு நாள் முந்தித்தான் என் அண்ணன் குடும்பத்தைக் கண்டி ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டு வந்திருந்தேன். தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கமும் பங்கு பிரித்த ஒப்பந்தப்படி அண்ணனுக்கு இந்தியா, எனக்கு இங்கே. தலைமன்னாரில் அவர்களுக்குக் கப்பல். ஒத்திகையில் என் முறை வந்தபோது அந்த வரியை நான் பாடவில்லை.

"என்னம்மா, பாடு."

"எங்கண்ணனும் இங்கதான் மாஸ்டர் பொறந்தாரு. அவர அனுப்பிட்டாங்க. எங்கள்னா யாரு?"

"பாட்டுதானேம்மா."

"பாட்டுன்னா பொய் சொல்லலாமா?"

"சரி, அந்த எடத்துல என்ன போடட்டும்? நீயே சொல்லு."

"ஒண்ணும் போடாதீங்க. காலியா விடுங்க!"

படியிறங்கினேன். பிறகு அந்த மாடிக்கு ஏறவில்லை.

கேசட் வேறொரு பெண்ணின் குரலில் வந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டில் அதைப் போட்டால் கதவைச் சாத்துவேன். ரேடியோவில் அந்தத் தபேலா தொடங்கியதுமே திருகி அணைப்பேன். யார் அந்தப் பேச்சை எடுத்தாலும், ஹமீது நானாவே எடுத்தாலும், எழுந்து போய்விடுவேன். என் வரியை மாஸ்டர் அவள் வாயில் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். சில வருஷம் கழித்துக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் எதிரே வந்தார்.

"பாட்டக் கேட்டியாம்மா?"

"எங்க வீட்டுல தீவுப் பாட்டு போடுறதில்ல."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பன்வில பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய பஸ்கூட இல்லை.

செத்த வீட்டில் அவருடைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீவுப் பாட்டும் வந்தது. எழுந்து போக முடியாத இடம். 'நாலு பக்கமும் கடலம்மா' என்று குழு பாடியது. அதற்குப் பிறகு குரலே இல்லை. தபேலா மட்டும் எட்டுத் தட்டு. பிறகு அந்தப் பெண் மற்ற வரிகளைப் பாடினாள்.

"கேசட் கெட்டுப்போச்சா நானா?"

"இல்ல தங்கச்சி, காலியாத்தான் இரிக்கி. நீங்கதானே விடச் சொன்னது? கேசட் போட்டவர் நிரப்பச் சொல்லிச் சண்ட புடிச்சார். 'அந்தப் புள்ள சொன்னதுதான் சரி'ன்னு மாஸ்டர் அசையல்ல. மேடையிலயும் கடைசி வரைக்கும் அப்பிடித்தான்."

"ஏன் நானா, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"எங்க சொல்ல உட்டீங்க? மாஸ்டர்ட கேட்டா, 'ஒரு தரம் கேட்டாளுன்னா அவளுக்கே தெரியும்'பார்."

ஒரு தரம். நாற்பது வருஷத்துக்கு மேல் எனக்கு அது முடியவில்லை. அண்ணன் உயிரோடு இருந்த காலத்தில் கேட்டிருந்தால் அந்தக் கேசட்டை அவருக்கு அனுப்பியிருப்பேன். அவருக்காக ஒரு மனிதர் தன் பாட்டில் ஒரு வரியையே விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று, போன இடத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது அண்ணனும் இல்லை.

மற்ற கோபங்கள் எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கின்றன, அந்த ஊதாக் கரை உட்பட. மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த எட்டுத் தட்டு. பாத்திரம் கழுவும்போது விரல் தானாகத் தட்டுகிறது. வாய் திறப்பதில்லை. குட்ஷெட்டில் அவர் கேட்டதற்குத்தான் ஒரு பதில் மிச்சம் இருந்தது.

கேட்டேன், மாஸ்டர்.