ஜன்னல் திறந்த தறி

அறுந்த இழையைப் பிணைத்து நிமிர்வதற்குள் அடுத்தது அறுகிறது. குணசுந்தரி முனகிவிட்டு மறுபடி குனிகிறாள். காற்றுப் பட்டால் பட்டு இழை காய்ந்து முறியும்; ஆரணியில் தறி வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் நெய்வார்கள். இவள் மட்டும் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்திருக்கிறாள். மற்றவர்கள் பதினைந்து நாளில் முடிக்கும் சேலை இவளுக்கு இருபது நாள் இழுக்கிறது.

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது. இழையத் திரும்பப் பிணைச்சிக்கலாங்க," என்கிறாள், அவள் கதையை எழுத வந்த என்னிடம்.

கொரோனா இரண்டாம் அலையின்போது இந்த ஜன்னல் மூடியிருந்தது. ஆறு வயது மகள் தேவிப்ரியா தெருவில் விளையாடிவிட்டுச் சளியோடு வந்தாள். ஒருநாள் காய்ச்சல், மறுநாள் குதியாட்டம். "புள்ளைக்குச் சும்மா சளிதானேன்னு அவங்கப்பா பக்கத்துல குந்த வெச்சிகினே தறி நெஞ்சாரு." குணசுந்தரி நாலு நாள் படுத்து எழுந்தாள். கணவன் பார்த்திபன் பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். முப்பத்தாறு வயது.

பிள்ளைக்கு ஒரே நாளில் போன நோய் பெரியவரை எப்படிக் கொன்றது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் தமிழ்ச்செல்வியிடம் கேட்டிருக்கிறாள். "பசங்க மூக்குல காவல் எப்பவும் முழிச்சிகினு இருக்கும்மா. கிருமி நுழைஞ்சதும் அங்கியே அடிச்சிடும். பெரியவங்களுக்கு லேட்டாதான் முழிக்குது. அதுக்குள்ள கிருமி நெஞ்சுக்கு எறங்கிடும். அப்புறம் சில பேருக்கு உடம்பே வெறி புடிச்ச மாதிரி அடிச்சு, சொந்த நுரையீரலையும் சேத்து நாசம் பண்ணிடுது."

"வெளக்கம் நல்லாத்தான் கீது. ஆளைத்தான் காணோம்," என்று சிரித்தாள் குணசுந்தரி. அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

காரியத்தன்றே நாத்தனார் ரேணுகாதேவி ஆரம்பித்துவிட்டாள்: "இந்தப் பொண்ணு கொண்டாந்துதான் எங்க அண்ணன் பூட்டாரு." சட்டென்று குறுக்கே விழுந்தாள் குணசுந்தரி. "அவ இல்ல. நான்தான் சேத்துப்பட்டு போயி நோவை வாங்கினு வந்தேன்."

அந்த மாதம் அவள் ஊரைத் தாண்டவே இல்லை. அன்றிலிருந்து ஊர் வாயில் அவள் புருஷனை முழுங்கினவள். நாத்தனார் இன்றுவரை அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. என்ன ஜென்மங்களோ! இல்லாத பழியை ஏன் சுமக்கிறாய் என்றேன்.

"எனுக்குப் பழகிடுச்சிங்க. அது சின்னப் புள்ள. தெரிஞ்சா தாங்குமா?"

பெயர்களை மாற்றி எழுதச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளி விட்டு வந்தாள் தேவிப்ரியா. இப்போது பதினொரு வயது. வாசலில் இரண்டு தும்மல். உடனே பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள். அம்மா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாஸ்க்கை இறக்கி ஒரு வாய் குடிப்பதும், ஏற்றிக்கொள்வதுமாக இருந்தாள்.

"உள்ள வாயேண்டி."

"வேணாம்மா. அப்பாவுக்கு என்னால வந்த மாதிரி உனுக்கும் வந்துடப் போவுது."

குணசுந்தரியின் கை இழையிலேயே நின்றது. தறியை விட்டு எழுந்து போனாள். மகள் முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றினாள். அவள் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து, வாய் வைத்து, மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.