வேலியில் கைமாறிய போல்ட்

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர் கோரிக்சாஸ் பக்கம் வந்து கோட்லீபையே கேட்டுக்கொள்ளலாம். பேய் என்று யாராவது வாயெடுத்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் அவர். இப்போது சிரிப்பதில்லை. நடந்தது போன ஜூலையில்; எங்கள் பக்கம் அதுதான் குளிர்காலம். ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

கோட்லீபின் தங்கை எல்ஃப்ரீடாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். விருந்துக்குக் குடு என்கிற முறுக்குக் கொம்பு மானின் கறி போடுகிறேன் என்று சம்பந்தி வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார் மனுஷன். ஒரு மான் சுட அனுமதிச் சீட்டும் வாங்கியாயிற்று. அது வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வியாழன் வந்துவிட்டது, மான் விழவில்லை. எல்லாம் அந்தத் துப்பாக்கியால்.

அது மாப்பிள்ளையின் அப்பா யோசபாத்திடம் விலைக்கு வாங்கிய பழைய துப்பாக்கி. குறி பிசகாது. ஆனால் அதன் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளுகிற கைப்பிடி வைத்த இரும்புத் தண்டு, நடக்க நடக்க ஆடியது. டொக்... டொக். பனி விழுகிற விடியற்காலையில் அது மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். குடு மானுக்கோ காது முறம் மாதிரி. மூன்று நாளில் மூன்று மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டன.

"இந்தச் சனியன் புடிச்ச சத்தம் நிக்கலன்னா நம்ம மானம் போயிடும் மாப்ள," என்றார் கோட்லீப், தன் மனைவியின் தம்பி ஹிஸ்கியாவிடம்.

"போகட்டும் மச்சான். ஆட்டுக்கறிக் கல்யாணம்னு ஊரே பேசும். உங்க பேரும் நெலச்சிடும்."

"வாய மூடிட்டு வெளக்கப் புடி."

எண்ணெய் போட்டார். மணல் ஒட்டிக்கொண்டு, கரகரவென்று இன்னொரு சத்தம் சேர்ந்ததுதான் மிச்சம். துடைத்து எடுத்தார். அடியில் இருந்த திருகாணிகளை முறுக்கினார். வார் மாட்டுகிற வளையங்களில் துணி சுற்றினார். குலுக்கினார். டொக். கடைசியில் போல்ட்டை உருவி வைத்துவிட்டு வெறும் துப்பாக்கியைக் குலுக்கிப் பார்த்தார். மூச்சே இல்லை.

ஹிஸ்கியா போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பினான்.

"மச்சான், ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கணும். துப்பாக்கில கடைசி மூணு நம்பர் 417. இதுல 862. இது வேற ஏதோ துப்பாக்கியோட போல்ட்."

அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் தடதடக்காமல் என்ன செய்யும்? கோட்லீப் யோசபாத்தைத் திட்டித் தீர்த்தார். கல்யாணம் முடியட்டும், அந்த ஆளை ஒரு கை பார்க்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். போல்ட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே கோட்லீப் நடந்தார், பின்னால் ஹிஸ்கியா. இரண்டு பண்ணைகளுக்கு நடுவே ஓடுகிற பழைய கம்பி வேலிக்கு அப்பால் ஒரு பெரிய ஆண் மான். புதருக்கு மேலே கொம்பு மட்டும் தெரிந்தது.

எங்கள் பக்கம் வேலி தாண்ட ஒரு முறை உண்டு. போல்ட்டை உருவி, கூட வருகிறவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். போல்ட் இல்லாத துப்பாக்கி தவறிக்கூட யாரையும் சுடாது.

மானை விட்டுக் கண்ணை எடுக்காமல் போல்ட்டை உருவி முதுகுப்பக்கம் நீட்டினார். ஒரு கை வாங்கிக்கொண்டது.

"ஏறுங்கண்ணே. நான் புடிச்சுக்கறேன்."

தணிந்த குரல். ஏறினார். இறங்கினார். திரும்பாமலே வேலிப்பக்கம் கையை நீட்டினார்.

ஒன்றும் வரவில்லை...

பிறகு போல்ட் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஐஸ் மாதிரி. குளிர்காலத்து இரும்புதானே என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே தள்ளினார். சத்தமே இல்லை. மடக்கினார். சத்தமே இல்லை.

சுட்டார். மான் விழுந்தது.

"அடிச்சாச்சு மாப்ள!" என்று திரும்பினார்.

வேலியில் யாரும் இல்லை.

தூரத்தில், வறண்ட ஆற்று மணலில், ஹிஸ்கியா நொண்டி நொண்டி ஓடிவந்தான்.

"கால்ல முள்ளு மச்சான். இருங்கன்னு கையக் காட்டுனேனே, பாக்கலையா? போல்ட்ட யாருகிட்டக் குடுத்துட்டு ஏறுனீங்க?"

கோட்லீப் மணலைப் பார்த்தார். காலடித் தடம் பார்த்தே வளர்ந்தவர் அவர். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரே ஆள் தடம். அந்தப் பக்கமும் ஒரே ஆள் தடம். இரண்டும் அவருடையது.

ஹிஸ்கியா அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அண்ணே என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

போல்ட்டை உருவி நம்பரைப் பார்த்தார்.

417.

கல்யாணத்தில் கறிக்குக் குறைவில்லை. இரண்டு பேரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை; தங்கச்சி சந்தோஷத்தில் மண்ணைப் போடக் கூடாதே. பந்தி அடங்கிய பிறகு கோட்லீப் யோசபாத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திட்டவில்லை. போல்ட்டை எடுத்துக் காட்டினார்.

யோசபாத் நம்பரைப் பார்த்தார். கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"இது எங்க கெடச்சுது?"

"அந்தப் பழைய வேலில. யாரோ குடுத்தாங்க."

"இது என் தம்பி எலியேசர்கிட்ட இருந்தது சம்பந்தி. பன்னெண்டு வருஷம் ஆச்சு. அந்த வேலிலதான் அவன் கைல குடுத்துட்டு ஏறுனேன். எறங்கி கைய நீட்டுறேன், ஆளக் காணோம். போலீசு, நாயி, எல்லாம் வந்து தேடுச்சு. ஒரு எலும்புகூடக் கெடைக்கல. அதுக்கப்புறம்தான் டவுன்ல வேற போல்ட் வாங்கிப் போட்டேன்."

பிறகு பக்கத்தில் நகர்ந்து, மற்ற யாருக்கும் கேட்காமல்:

"ஏதாவது சொன்னானா?"

"ஏறுங்கண்ணே, நான் புடிச்சுக்கறேன்னு..."

யோசபாத் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அன்னைக்கும் அதேதான் சொன்னான்."

அந்தத் துப்பாக்கி இப்போது இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. குலுக்கினாலும் சத்தம் வராது.

ஆனால் ஆடு திருப்ப அந்தப் பக்கம் போனால், வேலிக்கு மறுபுறம் ஏதோ கூடவே வருகிறதாம். நின்றால் நிற்கிறதாம். கோட்லீப் காதாலேயே கேட்டுவிட்டார். நாள்கணக்கில் மல்லுக்கட்டிய சத்தம் அவருக்குத் தெரியாதா?

டொக்... டொக்.

கொடுத்த போல்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை.

தான் கொடுத்த 862-ஐ கோட்லீப் இன்னும் வாங்கவில்லை.