விறகு விழவில்லை, ஐயா

காலைப் பிரட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்து முடித்த மண்டோர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம பழைய டிரசர் லுக்குட் டவுன்ல போயிட்டாரு. நெஞ்சுவலியாம்," என்றார். அவர் கையால் தையல் போட்டுக்கொண்டவர்கள் அந்த வரிசையில் பாதிப்பேர். என் கை தானாகப் புருவத் தழும்புக்குப் போயிற்று.

டிரசர் அருளப்பன் ஐயாவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாயாவில், பகாவ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர், காயம் கட்டியவர். முன்கோபி. ஊசியைவிட அவர் வாய் அதிகம் குத்தும். யாரும் கொடுக்காத ஒரு வேலையையும் அவரே தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அடிபட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, காயத்தைச் சிவப்புப் பென்சிலால் குறிப்பார். அடித்தது யார், என்ன குடித்திருந்தார், எத்தனை நாள் மரம் சீவப் போகமுடியாது என்று கேட்டுக் கீழே எழுதுவார். "கள்ளுக்கடை வரும்படியை எண்ண ஆளிருக்கு. அது உடைக்கிற எலும்பை எண்ணத்தான் ஆளில்ல," என்பார்.

சம்பளத்துக்கு மறுநாள் நான் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். புருவம் பிளந்து, கண்ணுக்குள் ரத்தம்.

"யாரும்மா அடிச்சது?"

"விறகு விழுந்துடுச்சுங்கய்யா."

எங்கள் லயத்து வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் விறகுதான் விழும். வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்வதே வழக்கமில்லை. இதில் காட்டிக்கொடுப்பது வேறா?

"இந்தத் தோட்டத்து விறகுக்குச் சம்பள நாளு நல்லாத் தெரியுது லா," என்றபடி தைத்தார். ஆனால் தாளில் 'விறகு' என்றே எழுதினார். நம்பாவிட்டாலும், சொல்லாததை எழுதமாட்டார்.

அப்புறம் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி, வாசலில் துப்பாக்கிக் காவல், ஆறு மணிக்கு ஊரடங்குச் சங்கு. வெளியே காட்டில் கம்யூனிஸ்டுகள், உள்ளே கள்ளுக்கடை. ஒரு சம்பள நாளில் கடைவாசலில் சண்டை முற்றிப் பாராங் கத்தி பேசியது. ஒருவரின் மணிக்கட்டுக்குக் கீழே கையே இல்லை. துண்டான கையைச் சாரத்தில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். ஐயா ரத்தச் சட்டையோடு தன் தாள்கட்டை எடுத்துப்போய்த் தோட்டத் துரையின் மேசைமேல் போட்டார். மறுவாரமே கடைக்குப் பூட்டு விழுந்தது. எல்லாத் தோட்டத்துக் கடைகளையும் மூடச் சொல்லி, அந்தத் தாள்களின் கணக்கோடு மேலிடத்துக்கு ஓர் அறிக்கையும் எழுதித் துரையிடம் கொடுத்தார். நாங்கள் பெண்கள் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தோம்.

சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. காட்டோரத்தில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சம்சு சாராயம், கம்பிக்கு அடியில் தோண்டிய குழி வழியாக உள்ளே வந்தது. ஒருவருக்குப் பார்வை போனது. ஒருவர் ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்தார். அடி குறையவில்லை, முன்னே கையால் அடித்தவர்கள் இப்போது கட்டையால் அடித்தார்கள். ஐயா எல்லாவற்றையும் சிவப்பால் குறித்தார். அவர் வாய்த்துடுக்கு அடங்கிப்போனது.

ஒருநாள் சங்கு ஊதிய பிறகு கம்பியோரம் காவல் துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. குழிக்குள் பாதி உடம்பு நுழைந்தபடி என் வீட்டுக்காரர் கிடந்தார். நெஞ்சில் ஒரு குண்டு, கழுத்தில் ஒன்று. காட்டுக்கு அரிசி கடத்தியவன் என்றார்கள். அது முடிவாகிவிட்டால் நானும் இரண்டு பிள்ளைகளும் லயத்தைவிட்டு வெளியேற வேண்டியதுதான். கம்யூனிஸ்டுக்குச் சோறு போட்டவன் பெண்டாட்டிக்கு எந்தத் தோட்டம் வேலை கொடுக்கும்?

விசாரணையில் ஐயா, என் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து எடுத்த சம்சு போத்தலை மேசையில் வைத்தார். "வாயை மூடு. இது வெளியே வந்தால் கடையை மூடியதால்தான் சம்சு வந்தது என்பார்கள். உன் அறிக்கை மேலே போகாது, கடையும் திறந்துவிடும்," என்று துரை ஆங்கிலத்தில் சொன்னதை ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பின்னால் எங்களிடம் சொன்னார். ஐயா எல்லாருக்கும் புரியும்படி தமிழிலேயே பேசினார்:

"கடையை மூடச் சொன்னது நான். மூடினாப் போதும்னு நெனச்சது என் தப்பு. இவரு அரிசி தூக்கல, சம்சுக்குப் போனாரு. என் தப்புக்கு இந்தப் பொம்பளையும் புள்ளைங்களும் ஏன் தெருவுல நிக்கணும்?"

நான் லயத்தில் தங்கினேன். அவருடைய அறிக்கை எங்கேயோ அலமாரிக்குள் போயிற்று. கள்ளுக்கடை திறந்தது. ஐயாவை மாற்றிவிட்டார்கள்.

போகிற நாளில் என் படியேறி வந்தார். "மன்னிச்சிரும்மா" என்றார். என் வீட்டுக்காரரைக் கொன்றவர் என்று அவரை வெறுத்தேன். அடி விழாத உடம்பு அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியது. அதற்காக என்னையும் வெறுத்தேன். என் தாளை மட்டும் நீட்டினார். "இதுல விறகுன்னு இருக்கு. மாத்தணும்னு தோணினா நீங்களே மாத்துங்க." வாங்கித் தகரப்பெட்டியின் அடியில் போட்டேன். நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்லி அவரை அனுப்பவில்லை. அது இன்றும் அறுக்கிறது.

சேதி கேட்ட அன்றே தகரப்பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்ட போலீஸ்காரர் தாளை விரித்து, சிவப்புக் கோடு போட்ட உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். லுக்குட்டில் சவப்பெட்டியை இன்னும் மூடவில்லை. வெள்ளைச் சட்டை, மார்மேல் சிலுவை, விரல் நுனியில் மருந்துக் கறை. வழியனுப்ப வந்தவர்கள் திரும்பிப் பார்க்க, அவர் தலைமாட்டில் நின்று வாய்விட்டே சொன்னேன்.

போய் வாருங்கள், ஐயா. விறகு விழவில்லை. அடித்தது என் வீட்டுக்காரர். பெயர் கோவிந்தன். கள் குடித்திருந்தார். ஆறு நாள் நான் மரம் சீவப் போகவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.