பிரிவு ஐந்தும் ஒரு தொலைநோக்காடியும்

மைதான ஒழுங்குவிதி, பிரிவு ஐந்து: எறியக்கூடிய பொருள்களுக்குத் தடை, பார்வைக்கு உதவும் கருவிகளுக்குத் தடையில்லை. அனுமதிச்சீட்டின் பின்புறத்தை வாசித்தவன் பேர்லினில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், இருபது வருடம் கோப்புப் பார்த்தவனுக்கு முன்புறத்தைவிடப் பின்புறம்தான் முக்கியம்.

2007 ஜூன், ஒரு சனிக்கிழமை. பகல் 2.30க்கு ஹெர்மன்பிளாட்ஸில் சுரங்க ரயில் ஏறினேன். சீட்டு 2 யூரோ 10. பிஸ்மார்க் தெருவில் மாறி மைதானத்தில் இறங்க மணி 3.15. எழுபதாயிரம் பேர் அமரக்கூடிய கல் வளையம். உள்ளே தலைக்கவசம் போட்டு முட்டிமோதும் அமெரிக்கக் காற்பந்து.

நான் போனது ஆட்டத்துக்காக அல்ல. இடைவேளையில் நடனம் ஆடும் நாற்பது பெண்களில் என் மகள் சிந்துவும் ஒருத்தி. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய பாவாடையின் நீளம் பற்றி ஒரு சொல் சொன்னேன். அதன் பிறகு அவள் மைதானத்துக்கு அழைக்கவில்லை, நானும் போகவில்லை. இந்த முறை அனுமதிச்சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மேல்தட்டு ஆசனம். அங்கிருந்து என் கண்ணுக்கு நாற்பது பேரும் ஒருத்திதான். ஆகவே தொலைநோக்காடி.

வாசல் காவலர் நம்மவர்.

"ஐயா, இதை உள்ள கொண்டுபோக ஏலாது. எறிஞ்சா ஆருடைய மண்டையும் உடையும்."

"சப்பாத்தையும் எறியலாம். கழட்டட்டோ?"

"ஐயா கச்சேரியில வேலை செய்தவரோ?"

"எப்பிடித் தெரியும்?"

"அங்க என்னை மூண்டு மாசம் அலைய விட்டவரும் இப்பிடித்தான் கதைச்சவர்."

மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். நகர மறுத்தேன். 4 மணிக்கு ஆட்டம் தொடங்கி உள்ளே ஆரவாரம் எழுந்தது. விதிப்படி ஒரு கால்பகுதி பதினைந்து நிமிடம். இரண்டு முடிந்தால், 4.30க்கு இடைவேளை. மேலதிகாரி வந்தது 4.40க்கு. பிரிவு ஐந்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

"இனி என்னத்துக்கு, தம்பி? இடைவேளை முடிஞ்சிருக்கும்."

காவலர் சிரித்தார். "ஆர் சொன்னது? இப்பத்தான் முதல் கால்வாசி முடிஞ்சுது. இவங்கள் நாலு அடி ஓடுவாங்கள், பிறகு மணிக்கூட்டை நிப்பாட்டிப்போட்டுக் கூட்டம் வைப்பாங்கள். உங்கட கச்சேரி மாதிரித்தான். ஓடுங்கோ ஐயா!"

ஓடினேன்.

5.25க்குத்தான் இடைவேளை. வெள்ளிப் பாவாடைகள் வரிசையாக வந்தன. தொலைநோக்காடியில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். எல்லோரும் வலப்பக்கம் திரும்ப, ஒருத்தி மட்டும் மேல்தட்டைப் பார்த்து நின்று, ஒரு தாளம் பிந்தித் திரும்பினாள். சிந்து. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். பின்னால் இருந்தவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

திரும்பும் ரயிலில் அவள் பக்கத்தில் இருந்தாள்.

"என்னப்பா எழுதிறீங்கள்?"

"அடுத்த பருவத்துக்குத் தொலைநோக்காடி அனுமதி. எழுத்தில வேணும்."

தாளை எட்டிப் பார்த்தாள். "பாவாடையைப் பற்றியும் எழுதிப்போடாதேங்கோ."

"அது பிரிவு ஐந்தில இல்லை."

திங்கட்கிழமை மைதான நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இரண்டே வரி: தொலைநோக்காடிக்குத் தடையில்லை, காற்பந்து அணியே கலைக்கப்பட்டுவிட்டதால் அடுத்த பருவம் இல்லை. சிந்து அதை என் கோப்பில் போட விடாமல் தன் அறைக்குக் கொண்டுபோனாள். வந்த தேதியை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்: 2007 ஆகஸ்ட் 14.